கட்டைக்கால் எழுத்தும் என் கருமாதியும்

கொழிஞ்சாம்பாறை,
ஆவணி, 1974.

மரியாதைக்குரிய மச்சான் மாரப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். நான் குறிப்பாக நலம்; உயிரோடு இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன்.

என் மகள், உங்கள் மருமகள் சுப்பாத்தாளின் கல்யாணப் பத்திரிகைக்காகச் செபாஸ்டின் அச்சகத்துக்குப் போனேன். அங்கே ஓர் எழுத்தைப் பார்த்தேன். மெல்லிசு, வலப்பக்கம் சாய்வு, ஒவ்வொரு கோட்டின் அடியிலும் சதுரமாக ஒரு கட்டைக்கால். உதாரணம் சொன்னால் விளங்கும்: ஆடிக் காற்றில் நம் பனைமரம் எப்படி நிற்கிறது? உடம்பு ஒல்லி, தலை சாயும், அடி மட்டும் அசையாது. தடித்த எழுத்து அதட்டும். இது பக்கத்தில் வந்து மெதுவாகக் கூப்பிடும். மயங்கிவிட்டேன் மச்சான்; பத்திரிகையை அதிலேயே அடிக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை மருதாத்தாள் பத்திரிகை மூலைகளில் மஞ்சள் தடவ வந்தபோது, "எழுத்து முழுகிடும், தொடாதே" என்று தடுத்தவனும் நானே.

எல்லோருக்கும் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, இந்தப் பக்கத்தில் அந்த எழுத்துக்கு ஒரே உபயோகம்தானாம்: கருமாதிக் கடிதம்! மஞ்சளில்லாமல் சாய்ந்த எழுத்தில் கார்டு வந்தால், பெயரை மட்டும் பார்த்துவிட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டுத் தலை முழுகிவிடுவார்கள். நானும் அப்படிக் கிழித்தவன்தான். எழுத்தை எங்கே கவனித்தேன்? பத்திரிகையின் உச்சியில் என் பெயர்தான் இருந்தது.

"முன்னமே சொல்லக் கூடாதா?" என்று செபாஸ்டினைக் கேட்டேன். "சாருக்குத் தெரியாததுங்களா? ஏதோ புரட்சிக் கல்யாணமின்னு நெனச்சேனுங்க" என்கிறான்.

வேலந்தாவளத்திலிருந்து மாட்டுத் தரகர் சின்னமுத்து மாலையோடு அழுதுகொண்டே வந்தார். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "ஐயோ வாத்தியாரே, எந்திரிச்சு உக்காந்துட்டீங்களா!" என்றவர், கொண்டுவந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று எங்கள் காளையின் கொம்பில் சுற்றிவிட்டுப் போனார். அது பாதியைத் தின்றுவிட்டது. சிரிக்காதீர்கள். சம்பந்தி வீட்டார், "பெண்ணோட அப்பா போயிட்டாருங்களே, வருசம் கழியட்டும்" என்று முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கச் சொல்லியனுப்பிவிட்டார்கள். நானே நேரில் போனேன். என் தம்பி என்று நினைத்து எனக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். சுப்பாத்தாள் சோறு தின்னாமல் கிடக்கிறாள். தாய்மாமன் நீங்கள் வந்து சபையில் நின்று சொன்னால்தான் இந்தக் கல்யாணம் நடக்கும். இதையாவது கிழிக்காமல் படித்து உடனே கிளம்புங்கள்.

அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் எஸ்டேட்டில் மழை அளவோடு பெய்யட்டும்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கும்
சென்னியப்பன்

பின்குறிப்பு: இதை மருதாத்தாளிடம் காட்டினேன். "ஏனுங்க, உங்க கையெழுத்தும் அதே மாதிரித்தானுங்க சாஞ்சு கெடக்குது! எங்கண்ணன் பாத்ததும் கிழிச்சுப்போட்டுத் தண்ணி வாத்துக்குவாரு" என்கிறாள். உண்மைதான், அதனால்தான் அந்த எழுத்தில் மயங்கினேன் போலும். தந்தி கொடுத்தால் என் சாவு உறுதியாகிவிடும். ஆகவே இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு போடிமெட்டுக்கு பஸ் ஏறுகிறேன். கதவைத் திறந்ததும் அலற வேண்டாம். முதலில் குனிந்து பாருங்கள்: அந்த எழுத்துக்கு இருப்பதைப் போலவே எனக்கும் கால் இருக்கிறது, தரையில்தான் ஊன்றியிருக்கும்.