மகாராஜா ரசித்த நீல வெளிச்சம்

ஒரு காட்டில், அதாவது மின்சாரமும் நேரலையும் வந்து சேர்ந்துவிட்ட ஒரு காட்டில், வேலாத்தா என்றொரு உடும்பு லேசர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தாள். அவள் பற்றவைத்த இரும்பை யானை உதைத்தாலும் பிரியாது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்?

ஒரு நாள் சிங்க மகாராஜா பட்டறைக்கு மயிலை அனுப்பினார். மயில் அரசவையின் விளம்பர அதிகாரி. எதிர்த்துப் பேசுகிறவர்களை அடைக்க ஓர் இரும்புக் கூண்டு வேண்டுமாம். யாரை அடைக்கப் போகிறீர்கள் என்று வேலாத்தா கேட்கவில்லை. கூண்டு கெட்டியாக இருக்க வேண்டும், தன் பேர் கெடக் கூடாது. அவள் கவலை அவ்வளவுதான்.

முதல் மூலையைப் பற்றவைக்கும்போது மகாராஜாவே பரிவாரத்தோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

லேசர் கதிர் பட்டால் இரும்பு உருகி ஆவியாகும். அந்த ஆவி சூடேறி நீலக் கொழுந்தாக எழும்பும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் நந்தி மாதிரி கதிருக்குக் குறுக்கே நின்றுகொண்டு, வருவதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஒரு பங்கைச் சிதறடித்துவிடும். இரும்புக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதிதான். அதனால் வேலாத்தா பக்கத்திலிருந்து ஒரு குழாயில் ஹீலியம் வாயுவை ஊதி, கொழுந்தை விரட்டிவிட்டுத்தான் வேலை செய்வாள். அன்றும் ஊதினாள். கொழுந்து ஒடுங்கியது, முதல் மூலை கெட்டியாகப் பற்றிக்கொண்டது.

நேரலை எடுத்துக்கொண்டிருந்த மயில் போனைத் தாழ்த்தியது. "ஏம்மா, வெளிச்சமே காணோமே! வேலை நடக்குதா இல்லையான்னு நேரலையில கேக்குறாங்க."

"உள்ளாற நடக்குதுங்க. அந்த வெளிச்சம் கதிரை இரும்புக்குப் போக உடாதுங்க. அப்புறம் பத்தவச்சது மேலாப்புலயே நின்னுபோயிருமுங்க."

மகாராஜா கொட்டாவி விட்டார். "வெளிச்சம்தான் என் ஆட்சிக்கே அடையாளம். அதை ஊதி அணைக்கிறியா? குழாயை மூடு."

வேலாத்தாவுக்கு மனசில்லை. ஆனாலும் மூடினாள். நீலக் கொழுந்து குபீரென்று எழும்ப, காடே கைதட்டியது. கூண்டு தங்களுக்குத்தான் என்று தெரியாமல் மான்கள் விசிலடித்தன. மற்ற மூன்று மூலைகளும் அப்படியே முடிந்தன. பார்வைக்குக் குறையில்லை. பற்று மட்டும் தோலோடு நின்றுவிட்டது.

திறப்பு விழா வந்தது. ரிப்பன் இருந்தது, மாலை இருந்தது, உள்ளே போட ஒரு கைதிதான் இல்லை.

"மகாராஜா, நம்ம வெளிச்சத்தையே ஒருத்தி குறை சொன்னாளே?" என்று மயில் எடுத்துக் கொடுத்தது.

"நான் தொழிலைத்தானுங்க சொன்னேன்!" என்று வேலாத்தா கத்தினாள். யார் கேட்டார்கள்? உள்ளே தள்ளிப் பூட்டினார்கள்.

வீட்டில் முட்டை பொரிகிற நேரம் என்பது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதபடியே ஒரு மூலையை முட்டிப் பார்த்தாள். அது முதல் மூலை. இம்மியும் அசையவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கைவேலையைத் தானே சபித்தாள். பிறகு எதிர் மூலைக்குப் போய் முதுகைக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து மகாராஜா கூண்டின் மேல் ஏறி, மயிலின் போனுக்காகப் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டிருந்தார். மூலை படக்கென்று விட்டது. அடுத்ததும் விட்டது. வேலாத்தா இடுக்கு வழியே வெளியே வழுக்கி ஓட, மகாராஜா கம்பிகளோடு உள்ளே விழுந்தார். விழுந்தவரின் வால் முதல் மூலையில் வசமாகச் சிக்கிக்கொண்டது.

"வேலாத்தா! வந்து கம்பியை வெட்டி விடு!"

"மூடச் சொன்ன குழாய் இன்னும் மூடியேதானுங்க இருக்குது. நீங்க வெளிச்சத்தைப் பாத்துட்டு இருங்க சாமி."

அவள் முட்டைகளை அள்ளிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டாள்.

நீதி: ராஜாவுக்குக் கூண்டு செய்து கொடுப்பவர்கள் தொழிலைச் சுத்தமாகச் செய்யக் கூடாது. திறப்பு விழாவுக்குக் கைதி கிடைக்காமல் போகலாம்.