பதினொரு பேரின் சோம்பல் ஜீன்

சட்டைக் கம்பெனி வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை. வேலைக்காக நிற்கிற வரிசை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். எச்சில் துப்ப நிற்கிற வரிசை! தையல் பிரிவு, காலர் பிரிவு, இஸ்திரிப் பிரிவு, எல்லாரும் கையில் ஒரு சின்னக் குப்பியோடு, வாயில் ஊறியதை விழுங்கிவிடாமல் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அதனால் அன்று வாசலில் வம்புப் பேச்சே இல்லை. கம்பெனி சரித்திரத்தில் இதுதான் முதல் முறை.

வந்திருந்தவர் மரபணு மகான். வெள்ளைக் கோட்டு, தங்கக் கம்பிக் கண்ணாடி, முன்னால் ஒரு பெட்டி. குப்பியைப் பெட்டிக்குள் வைப்பார். கண்ணை மூடுவார். (விஞ்ஞானத்துக்கு எதற்குக் கண்ணை மூட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.) பெட்டி கொஞ்ச நேரம் முனகும். பச்சை விளக்கு எரிந்தால் உழைப்பு ஜீன், சிவப்பு எரிந்தால் சோம்பல் ஜீன்.

"ஏழு தலைமுறையா ஊறினது. நான் என்ன பண்ண?" என்று உதட்டைப் பிதுக்குவார்.

முதலாளிக்கு ஆள் குறைக்க வேண்டியிருந்தது. அதைத் தன் வாயால் சொல்லச் சங்கடம். அவருக்குப் பதிலாகச் சொல்ல ஒரு பெட்டி கிடைத்தது. அதோடு, வந்த முதல் நாளே மகான் முதலாளியின் எச்சிலைப் பார்த்து, "தலைமை ஜீன்! லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். இதற்கு மேல் ஒரு முதலாளிக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

தொழிலாளிகள் சும்மா இருந்தார்களா? தங்களுக்குப் பார்த்தது போதாதென்று, பிள்ளைகளின் எச்சிலையும் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். டாக்டர் ஜீன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் கூலி. இல்லையென்றால் ஜீனைக் கழுவிச் சுத்தம் செய்யச் செம்பு வளையம், அதற்கு மூன்று நாள் கூலி.

"என்னைப் பத்திப் புட்டுப் புட்டு வச்சாரு தங்கச்சி!" என்று இஸ்திரி அண்ணன் வியந்துபோனார். "போன மாசம் நாலு நாள் லேட்டா வந்தேன்ல? அது என் எச்சில்லயே தெரிஞ்சுடுச்சாம்."

"எச்சிலுக்குள்ள கடிகாரமா அண்ணே ஓடுது?" என்றாள் செக்கிங் பெண்.

"இதெல்லாம் அறிவியல்மா. உனக்குப் புரியாது."

செக்கிங் பெண் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். வேறு வேலை கிடைக்காமல் சட்டையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பட்டத்தை அவள் யாரிடமும் காட்டியதில்லை. காட்டினால் மட்டும் பிசிறு தானாக உதிர்ந்துவிடுமா?

வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். சோம்பல் ஜீன் உள்ளவர்கள் பதினொரு பேர். சனிக்கிழமையோடு வேலை இல்லை. மூன்றாவது பெயர் பட்டன் துளை மெஷின் அக்காவுடையது. பதினாறு வருஷமாக ஒரே மெஷின். போன மாதம் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த ஒன்பது நாள் லீவுதான் ஏழு தலைமுறைச் சோம்பல் ஆகிவிட்டது.

"வேலை போனா வேற எங்கயாவது தேடிக்குவேன்டி," என்று அக்கா அழுதாள். "என் பொண்ணுக்கும் அதே ஜீன் இருக்கும்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரே. நேத்து ராத்திரி அவ கேக்குறா, 'அம்மா, நான் சோம்பேறியா?'ன்னு. நான் என்னடி சொல்ல?"

செக்கிங் பெண்ணுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். சண்டை போடவில்லை. குழைந்தாள்.

"சார், உங்க தலைமை ஜீனை எல்லாரும் கண்ணால பாக்கணும். மூணு குப்பி குடுங்க. ரெண்டுல எச்சில், ஒண்ணுல முடி. உடம்புல எங்க எடுத்தாலும் ஜீன் ஒண்ணுதானே? மூணுலயும் தலைமை ஜீன்தான் வரும். ஆனா பேரு போட வேண்டாம், பண்டல் நம்பர் ஒட்டிடறேன்."

"பேரு ஏன் வேண்டாம்?"

"யாரு தச்ச சட்டைன்னு தெரிஞ்சா தையலைப் பாக்க மாட்டாங்க, முகத்தைத்தான் பாப்பாங்கன்னு நீங்கதானே சார் செக்கிங்ல நம்பர் முறை கொண்டு வந்தீங்க?"

முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. உடனே துப்பினார்.

"முடி வேரோட வேணும் சார்."

"ஏற்கெனவே கம்மியாத்தானம்மா இருக்கு."

"நாலே நாலு." பதினொரு பேரின் கோபமும் அந்த விரல்களில் இருந்தது. முதலாளி 'ஆ' என்று கத்தினார்.

மதியச் சாப்பாட்டு நேரம். துணி வெட்டும் மேஜையைச் சுற்றிக் கம்பெனி முழுவதும் கூடிவிட்டது. பதினாலு, இருபத்திரண்டு, முப்பத்தேழு என்று நம்பர் ஒட்டிய மூன்று குப்பிகள் மகான் முன்னால் வந்தன.

"இதெல்லாம் யாரு?" என்றார் மகான்.

"அதைத்தான் ஜீன் சொல்லுமே சார்."

மகான், வருகைப் பதிவேடு எழுதும் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசருக்கும் தெரியாது, அவர் மின்விசிறியைப் பார்த்தார். "பேரு இல்லேன்னா அலைவரிசை கெட்டுடும்," என்று மகான் இழுத்தார்.

"பரவாயில்ல, பாருங்க," என்றார் முதலாளி. மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

மகான் கண்ணை மூடினார். பதினாலுக்குப் பச்சை. "நல்ல உழைப்பாளி. வச்சுக்கலாம்." இருபத்திரண்டுக்குச் சிவப்பு. "சரியான சோம்பேறி. மத்தியானம் தூங்குற ஆளு." முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. முப்பத்தேழு, முடி. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மகான் நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயையோ, கையாடல் ஜீன்! இந்த ஆளை உள்ள விட்டதே தப்பு. இன்னிக்கே வெளியே அனுப்புங்க!"

"யாரை அனுப்பணும்னு சத்தமாச் சொல்லுங்க சார், முதலாளி பக்கத்துலதான் இருக்காரு," என்றாள் செக்கிங் பெண். "மூணு குப்பியும் அவரோடதுதான்."

காலர் பிரிவிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிக் கூடம் முழுக்கப் பரவியது.

"எச்சில் ஜீன் வேற, முடி ஜீன் வேற!" என்று மகான் கத்தினார்.

"ஒரே ஜீன்தான் சார். ஜீன்னா உடம்பு என்னென்ன புரதம் செய்யணும்னு எழுதி வச்ச குறிப்பு. நம்ம சட்டை பேட்டர்ன் மாதிரி. முழு செட்டும் எல்லாப் பிரிவுலயும் இருக்கு. ஆனா காலர் பிரிவு காலர் தாளை மட்டும் விரிக்கும், கை பிரிவு கை தாளை மட்டும் விரிக்கும். முடி வேரும் வாய்த் தோலும் அப்படித்தான். பாதி செட் அம்மா குடுத்தது, பாதி அப்பா குடுத்தது. பொண்ணுக்கு உடம்பு சரியில்லேன்னு லீவு போடுறதுக்குன்னு அதுல தாள் கிடையாது. ஏழு தலைமுறைக்கு மேல போனா நூத்தி இருபத்தெட்டு பேரு வருவாங்க. அத்தனை பேர் லீவையும் எந்த ரிஜிஸ்டர்ல பாத்தீங்க?"

ரிஜிஸ்டர் என்றதும் சூப்பர்வைசர் நழுவப் பார்த்தார். இஸ்திரி அண்ணன் மறித்துக்கொண்டார். மகானின் பையைக் கொட்டினால், வருகைப் பதிவேட்டின் நகல்! லீவு போட்டவர்கள் பெயருக்கு நேரே சிவப்புக் குறி. தையல் மெஷின் மெக்கானிக் பெட்டியைத் திருகிப் பார்த்தார். ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, ஒரு பஸ்ஸர், மேஜைக்கு அடியில் கால் வைத்து அமுக்க ஒரு ஸ்விட்ச்.

"என் ஸ்கூட்டர் ஹார்ன்ல இதைவிட வேலைப்பாடு இருக்கு," என்றார் மெக்கானிக்.

"என்னையே திருடன்னு சொல்லுதே, ஏமாத்துப் பெட்டி!" என்று முதலாளி குதித்தார்.

"தலைவன்னு சொன்னப்போ அது ஏமாத்துப் பெட்டி இல்லையா சார்? பதினொரு பேரைச் சோம்பேறின்னு சொன்னப்போ?"

பட்டன் துளை அக்கா யாரையும் கேட்காமல் பலகைக்குப் போய்ப் பட்டியலைக் கிழித்து எடுத்தாள். "இதை என் பொண்ணுக்குக் காட்டணும்," என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

மகான் கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பின்னாலேயே இஸ்திரி அண்ணன் ஓடினார். உதைக்கத்தான் போகிறார் என்று எல்லாரும் ஆவலோடு பார்த்தார்கள்.

"சார், சார்! என் பையனுக்கு டாக்டர் ஜீன் இருக்குன்னீங்களே, அது மட்டுமாவது நிஜம்தானே?"

செக்கிங் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மூளையை உண்டாக்குற ஜீனை அம்மா அப்பா எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. யோசிக்கிற வேலையை மட்டும் நமக்காக அவங்க செஞ்சு வச்சுட்டுப் போகல."