அப்பா படியேறுவது பற்றி அத்தைக்கு ஒரு விண்ணப்பம்

அன்பும் மரியாதையும் கலந்த பெரிய அத்தைக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் "அத்தை" என்று ஆரம்பிப்பதற்குள் நீங்கள் பதிலையே சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

அப்பா வேலை பார்க்கும் கட்டடத்தில் தானாக ஓடும் லிஃப்ட் போட்டுவிட்டார்கள். இத்தனை வருடம் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த உங்கள் தம்பிக்கு இனி அங்கே வேலை இல்லை. தீத்தடுப்புக் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். ஒன்பதாவது மாடி வரை நிற்காமல் படியேறிக் காட்டினால் அது அவருக்கு. இல்லாவிட்டால் அவர் வீட்டுக்கு. தேர்வு அடுத்த வாரம். வாழ்நாளில் படியே மிதிக்காத மனிதர், அத்தை!

இந்தச் சேதி வந்த அன்று சாப்பிடும்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, அதுவும் உயிர்வேதியியல். சுவர்க் கடிகாரம் நின்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். நான் கூச்சத்தோடு, "உடற்பயிற்சி செய்யும்போது தசைகளில் செல்களை அரிக்கக்கூடிய சில மூலக்கூறுகள் உண்டாகும், ஆனால்..." என்றேன். "ஆனால்" வரைதான் என்னால் போக முடிந்தது. அதற்குள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டாள். "அரிக்குறத தடுக்குற மாத்திரை எது இருந்தாலும் குடுங்க, பெரிய சைஸா" என்று கேட்டு, வைட்டமின் சி, வைட்டமின் ஈ என்று பை நிறைய வாங்கிவந்துவிட்டாள். தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் ஆரஞ்சு நிற மாத்திரைகளும் அதில் சேர்த்தி.

மறுநாளே எங்கள் குடியிருப்புப் படிக்கட்டில் பயிற்சி தொடங்கியது. அப்பா ஒவ்வொரு மாடி வந்ததும் பழக்கதோஷத்தில், "மூணாவது மாடி, இறங்குறவங்க இறங்குங்க" என்று அறிவித்துவிட்டு, கதவு திறக்கட்டும் என்று நிற்கிறார். அவர் வருவதற்கு முன்பே அம்மா மேலே ஓடிப்போய் மாத்திரையும் தம்ளருமாக நிற்கிறாள். தண்ணீர் தீர்ந்தால் வீட்டுக்கு இறங்கி நிரப்பிக்கொண்டு, மறுபடி அவரைத் தாண்டி ஓடுகிறாள். ஒருநாள் நான்காவது மாடியில் அப்பா மூச்சு வாங்கி மல்லாந்துவிட்டார். அந்த மாடியில் இருக்கும் தையல்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, நல்ல மனுஷன் போயிட்டாரே!" என்று அழ ஆரம்பிக்க, ஐந்தாவது மாடிவரை கூட்டம். அப்பாவுக்கு இல்லையென்று சொல்லவும் மூச்சில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "யாரு போனது? மாத்திரைக்கு வாயத் தொறந்து வச்சிருக்காரு. தள்ளுங்க!" என்று நுரைத் தண்ணீரை ஊற்றினாள். பாதி அவர் வாயிலும் மீதி கூட்டத்தில் நின்ற வீட்டு உரிமையாளரின் வெள்ளைச் சட்டையிலும் போனது.

இத்தனை பாடுபட்டும் அப்பா நான்காவது மாடியைத் தாண்டவில்லை. எனவே "ஆனால்" என்பதற்குப் பின்னால் இருந்ததை உங்களிடமாவது சொல்லி முடிக்கிறேன். அந்த மூலக்கூறுகள் அளவுக்கு மீறினால்தான் கெடுதல். பயிற்சியின்போது கொஞ்சமாக உண்டாகிறவை, லிஃப்டில் இருக்கும் அபாய மணி மாதிரி. மணி அடித்தால்தான் மெக்கானிக் வருவார். "இங்கே வேலை கூடிவிட்டது, தசையைப் பலமாக்கு" என்று உடம்புக்குச் சேதி போவது அப்படித்தான். அந்த மூலக்கூறுகளை அடக்கும் வைட்டமின் மாத்திரையை அள்ளிக் கொட்டுவது மணிக்குள் பஞ்சை அடைப்பது போல. எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனாலும் அதிக அளவு மாத்திரை பயிற்சியின் பலனைக் குறைக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பழம், காய்கறி சாப்பிட்டால் போதும். இதை அம்மாவிடம் சொன்னால், "படிச்சவ நீதானடி சொன்ன, இப்ப நீயே மாத்துறியா?" என்கிறாள். அம்மா பயப்படுவது உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான், அத்தை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஒரு போன் செய்யுங்கள். உங்கள் தம்பியின் வேலை உங்கள் குரலில் இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கத்தையும், முழங்காலுக்கு என் விசாரிப்பையும் சொல்லவும்.

தங்கள் சொல்லை எப்போதும் முழுதாகக் கேட்கும்,
தம்பி மகள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. மேலாளர் தேர்வை இன்றைக்கே வைத்துவிட்டார். அப்பா நான்காவது மாடியை அறிவித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கூடவே போய், அவர் வந்துவிடுவார் என்று ஒன்பதாவது மாடிக்குத் தம்ளரோடு படியேறி ஓடிய அம்மா, ஆளைக் காணாமல் இறங்கி வந்து, மூச்சுகூட வாங்காமல், "என்னங்க, இங்கயா உக்காந்திருக்கீங்க?" என்றாள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தீத்தடுப்புக் குழுச் சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "எந்த மாடின்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும்" என்று அம்மா அடம்பிடித்ததால், அபாய மணி அடிக்கும் மாடியை மைக்கில் அறிவிக்கும் வேலை அப்பாவுக்கு. முக்காலியும் உண்டு.

ஆகவே போன் செய்ய வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால், மிச்ச மாத்திரை வீணாகக் கூடாது என்று அம்மா இன்று ராத்திரி முதல் விழுங்க ஆரம்பித்திருக்கிறாள். மேலே "அப்பா" என்று வரும் இடத்தில் எல்லாம் "அம்மா" என்று மாற்றிப் படித்துக்கொண்டு, உடனே போன் செய்யுங்கள்.