கண்ணாடி போடக் கூடாத ஓவியம்

ஊரே ஓவிய ரசனையில் மூழ்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மலை, ஒரு ஏரி, மேலே நீல வானம். அந்த நீர்வண்ணப் படத்துக்காகக் காலை ஏழு மணிக்கே கண்காட்சிக் கூடத்து வாசலில் வரிசை நின்றது. பல் மருத்துவர் நின்றார், வங்கி மேலாளர் நின்றார், வேதியியல் ஆசிரியைகூட நின்றார்.

வரைந்தவரைத் தூரிகையார் என்பார்கள். அவர் படம் மாட்டிய வீட்டில் அபசகுனம் நுழைந்தால், படத்திலுள்ள வானம் சிவக்குமாம். சிவந்ததை அவரிடம் கொடுத்தால், மூன்று நாள் தனியறையில் வைத்துத் 'தெளிவித்து' நீலமாகத் திருப்பித் தருவாராம். அதற்குத் தனிக் கட்டணம். கூடத்துக்கு அழகும் ஆச்சு, குடும்பத்துக்குக் காவலும் ஆச்சு என்று ஜனங்கள் சுவர் சுவராக வாங்கி மாட்டினார்கள்.

எதிர்க்கடையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் நான். தூரிகையார் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: "கண்ணாடி போடக் கூடாது. படம் மூச்சு விடணும்." நீர்வண்ணத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்று இருபது வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்தது. ஆனால் கடையில் வேலை குவியும்போது உறைப்பாவது, கிறைப்பாவது! வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

என் வாயைத் திறக்க வைத்தவள் என் அக்கா. ஒன்பது படம் வாங்கியிருந்தாள். எட்டு, வீட்டுக் கூடத்தில். ஒன்பதாவதுக்கு இடமில்லாமல் குளியலறைக் கதவை ஒட்டி மாட்டியிருந்தாள். அவள் மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் மூச்சிரைக்கக் கடைக்கு வந்தாள்.

"தம்பி, மருமக காலையில எழுந்து வந்தா போதும்டா, வானம் செவந்துடுது! நாலு நாளா பாக்கறேன். அவளை அம்மா வீட்டுக்கே அனுப்பிடப் போறேன். தூரிகையாரும் அதைத்தான் சொல்றார்."

"உன் மகன் என்ன சொல்றான்?"

"அவன் என்ன சொல்வான்? படத்தைப் பாத்து முழிக்கறான்."

அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பெட்டி தயாராக இருந்தது. அதன்மேல் மருமகள் உட்கார்ந்திருந்தாள். வானம் சிவந்ததை நாலு நாள் பார்த்த அந்த வீட்டில், அழுது சிவந்த அவள் கண்ணை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"நான் என்ன மாமா பண்ணேன்? மத்தவங்க பச்சைத் தண்ணியில குளிக்கறாங்க, நான் எழுந்ததும் வெந்நீர்ல குளிக்கறேன். அது ஒரு குத்தமா?"

வெந்நீர்! எனக்குப் பொறி தட்டியது. "எழுந்திரும்மா. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கிட்டு என்கூட வா," என்றேன்.

போகிற வழியில் என் கடையிலிருந்து கொதிக்கிற டீக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டேன். அக்காவும் பின்னாலேயே வந்தாள். கண்காட்சிக் கூடத்துச் சுவரில் இருந்த புதுப் படம் ஒன்றைக் கழற்றி, எல்லார் கண்ணெதிரே இரண்டாக வெட்டினேன்.

"ஐயோ, சக்தி போயிடும்!" என்று அலறினார் தூரிகையார்.

"பாதிப் படத்துக்குப் பாதி சக்தியாவது இருக்குமில்ல? ஐயா புண்ணியவான், அவர் கையில நீலமாவே இருக்கும். இந்தப் பொண்ணு அபசகுனமாமே, இவ கையில செவக்கும். அப்படித்தானே?"

"அப்படித்தான்!" என்றது கூட்டம். தூரிகையார் மட்டும் சொல்லவில்லை. "இன்னிக்கு நேரம் சரியில்ல," என்று நழுவப் பார்த்தார். வங்கி மேலாளரோ பரம பக்தர். "சும்மா பிடிங்க குருவே!" என்று ஒரு பாதியை அவர் கையில் திணித்து, கெட்டில் வாய்க்கு நேரே இழுத்துப் பிடித்தார்.

ஆவி பட்டது. புண்ணியவான் கையில் வானம் வெளிறியது, பிறகு சிவந்தது. மருமகள் தன் பாதியை, கூடத்து மின்செருகியில் மாட்டிச் சூடாக்கிய இஸ்திரிப் பெட்டியருகே காட்டிக்கொண்டு நின்றாள். அது நீலம் மாறவே இல்லை.

அதோடு அவள் விடவில்லை. குரு கையிலிருந்த பாதியையும் வாங்கிச் சூட்டில் காட்டினாள். மறுபடி நீலம்!

"நீங்க மூணு நாள் தெளிவிக்கறதை இவ மூணே நிமிஷத்துல முடிச்சுட்டா குருவே," என்றேன். பல் மருத்துவர் போய்த் தனியறைக் கதவைத் தள்ளினார். உள்ளே சிவந்த வானங்கள் வரிசையாக மின் ஹீட்டர் ஒன்றின் முன்னால் காய்ந்துகொண்டிருந்தன.

வேதியியல் ஆசிரியை தொண்டையைச் செருமினார். "ஒரு வகை உப்புங்க. ஈரம் பட்டா செவக்கும், காஞ்சா நீலமாகும். எங்க ஆய்வகத்துலகூட இருக்கு. கண்ணாடி போட்டா ஈரம் படாதே, அதான் வேணாம்னிருக்கார்."

"தெரிஞ்சுமா வரிசையில நின்னீங்க?"

"வகுப்புல தெரியுங்க. வரிசையில தோணலை."

தூரிகையார் பின்வாசல் வழியாக ஓடினார். மேலாளர் துரத்தினார்.

அக்கா மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "வீட்டுக்கு வாடி கண்ணு. ஒன்பது படத்தையும் கொளுத்திடறேன்."

"எட்டைக் கொளுத்துங்க அத்தை. குளியலறைக் கதவுல இருக்கறது இருக்கட்டும்," என்றாள் அவள். "உள்ள வெந்நீர் சூடா இருக்கான்னு பாத்துக்கலாம்."

உங்கள் வீட்டிலும் ஒன்று தொங்குகிறதா? தொங்கட்டும். அழகான மலை, அழகான ஏரி. ஆணியில் படத்தை மட்டும் மாட்டுங்கள் மகாஜனங்களே, மூளையையும் சேர்த்து மாட்டிவிடாதீர்கள்!