முந்நூற்று ஐந்து வோல்ட்

தன் கையால் பழுதுபார்த்த பொருள் பொய் சொல்லாது என்று நம்புவதைவிடப் பெரிய பேதைமை இல்லை. நாள்தோறும் பதிகம் ஓதி ஆணவத்தைப் பெருமளவு தேய்த்துவிட்டேன் என்று எண்ணியிருந்தேன். அது என் பழைய மல்டிமீட்டருக்குள் சுகமாகக் குடியிருந்ததைச் சென்ற ஆண்டு ஆலங்குடிப் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில்தான் கண்டுகொண்டேன்.

தொழிற்பயிற்சிக் கூடத்தில் மின்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முள்ளுக்குப் பதிலாகத் திரையில் எண்ணே தெரிகிற மீட்டர்கள் வந்த புதிதில், ஆசையாக வாங்கியது அந்தக் கருவி. அதன் திரை மங்கி, எண்கள் கையிழந்தும் காலிழந்தும் தோன்றலாயின. திறந்து பார்த்தேன். கண்ணாடித் திரைக்கும் அடியிலுள்ள மெல்லிய செம்புக் கோடுகளுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை. அதன் வழியே மின்சாரம் ஏறித்தான் எண்கள் தோன்றும். கோடுகளில் களிம்பு படிந்திருந்தது.

களிம்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும் என்று ஆண்டாண்டாக மாணவர்களுக்குச் சொன்னவன் நான். என் கையோ பூசை அலமாரிக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கு துலங்குவது திருநீற்றால். வெள்ளியைத் துலக்குவது செம்பைத் துலக்காதா? ஒரு சிட்டிகை எடுத்துப் பக்தியோடு தேய்த்து, மூடி, வீட்டு மின்சாரத்தை அளந்தேன். 217 என்று கருகருவென எழுந்து நின்றது. கண் கலங்கிவிட்டேன். (நெசமாத்தாங்க.)

மறுநாள் மகளைப் பார்க்கப் போனபோது மீட்டரையும் பையில் வைத்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டில் யாரும் கேளாமலே மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து அளந்தேன்.

"சம்பந்தி, மோட்டாரைப் போடாதீர்கள். நானூறை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்று ஐந்துதான் வருகிறது. உள்ளேயிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்."

"நேத்துக்கூட நல்லாத்தானே ஓடுச்சு?"

"எரிவதற்கு முந்தின நாள்வரை எல்லா மோட்டாரும் நன்றாகத்தான் ஓடும்." (எப்படிப்பட்ட பதில் பாருங்க.)

அந்தக் கொல்லையில் பாடுபடுகிறவர் சம்பந்தியம்மாள். கடலை பூத்து விழுது மண்ணுக்குள் இறங்கும் பருவம். அப்போது நீர் தவறினால் காய் பிடிக்காது.

"மண்ணு வெடிக்குதுண்ணே. இன்னும் நாலு நாள் இப்படியே போனா எலைதான் மிஞ்சும்" என்றார் அம்மாள்.

"மோட்டார் போனால் அந்த இலையும் மிஞ்சாது, அம்மா."

சம்பந்தியான என் சொல்லைத் தட்டக் கூடாதென்று அவர் உள்ளே போய்விட்டார்.

நான் அங்கேயே தங்கி, கொல்லைப் பக்கமே போகாமல் மின்அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவதில் மூழ்கினேன். 'இருள்களையும் திருப்பணியில் அமர்ந்தீர்' என்று தொடங்கி இரண்டு பக்கம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, "இது கம்ப்ளெயின்ட்டுதானே சார்?" என்று கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் காலை லைன்மேன் வந்தார். தம் மீட்டரை வைத்தார். 385.

"உங்கள் கருவியில் பழுதிருக்கும்" என்று கனிவாகச் சொல்லி என்னுடையதையும் அருகில் வைத்தேன். 305. சற்றுப் பொறுத்து மின்னழுத்தம் சிறிது இறங்கியது. இரண்டிலும் 379. மறுபடி ஏறியது. அவருடையதில் 382, என்னுடையதில் 302.

"கரண்டு ஏறுது, ஒங்க மீட்டரு எறங்குதே சார்" என்றார் அவர்.

எனக்கு விளங்கிவிட்டது. நடு எண்ணில் எட்டின் இடைக்கோடு செத்துப்போய், எட்டு பூச்சியமாகியிருந்தது. ஏழுக்கு அந்தக் கோடு தேவையில்லை, ஆகவே ஏழு மட்டும் உண்மை பேசியது. அங்கேயே திருகாணிகளைக் கழற்றினேன். ரப்பர் பட்டையின் அடியில், மின்சாரத்தை மறித்தபடி ஒரு வெண்ணிறக் கோடு.

"என்ன சார், உள்ள துன்னூறா இருக்கு?"

நான் சம்பந்தியை நோக்கிக் கைகூப்பினேன். நான்கு நாள் வெயில். அந்தக் கடலைக்கு என்ன ஈடு செய்வேன்?

லைன்மேன் குனிந்து தம் செருப்பைப் பார்த்தார். "கொல்ல பூராச் சேறா கெடக்கு. நீங்க தண்ணி பாய்ச்சலன்னு எழுதியிருந்தீங்க?"

சம்பந்தி வானத்தைப் பார்த்தார். அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "அண்ணே தெனம் சாயங்காலம் கோயிலுக்குப் போயி ஒரு மணி நேரம் பாடுவாங்கள்ல. அப்ப போட்டு விட்ருவேன்."

"எரிந்திருந்தால் என்னம்மா செய்திருப்பீர்கள்?"

"நீங்க அங்க உருகிப் பாடுறப்ப இங்க எப்படிண்ணே எரியும்?"

இதைவிடப் பெரிய மன்னிப்பை நான் எங்கும் பெற்றதில்லை. என் சொல் பிழையென்று தெரிந்தே, என் முகம் வாடக் கூடாதென்று வாய் திறவாமல், வேளை தவறாமல் சோறு போட்டவர் அவர். பயிரையும் காத்து என் மானத்தையும் காத்த அந்தக் கைகளை எண்ணாமல் நான் எந்தப் பதிகத்தையும் முடிப்பதில்லை. மீட்டரைப் பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டேன். எட்டு எட்டாகவே இருக்கிறது.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறேன். புதுச் சுவர் எங்கே எழுப்பலாம், பேத்தி எந்தப் பாடம் எடுக்கலாம் என்று நான் ஏதாவது தீர்ப்புச் சொன்னால், அம்மாள் மிகுந்த மரியாதையோடு கேட்டு முடித்துவிட்டு, "அண்ணே, கோயிலுக்கு நேரமாகலையா?" என்பார். வீடே சிரிக்கும். நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாகவே கிளம்பிவிடுகிறேன். நான் திரும்பி வருவதற்குள் அங்கே நல்லது ஏதாவது நடந்து முடிந்திருக்கும்.