நாலு வாசல் சவாசனம்

சவாசனத்தில் கண்ணை மூடிப் படுத்திருப்பவர்களுக்கு எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த ஒரே யோகா மாஸ்டர், இந்த உலகத்திலேயே எங்கள் சிவகாசி போர்மேன்தான். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவரிடம் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் காலை ஆறு மணிக்கு வகுப்பு. அந்த ஹாலை அவர் பிடித்ததே நாலு பக்கமும் வாசல் இருந்ததால்தான். வாசலுக்கு ஒரு மணல் வாளி. பாலியஸ்டர் உடுத்தி வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உரசினால் பொறி வருமாம்.

"மாஸ்டர், இங்கன வெடிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால், "அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாக" என்பார்.

பன்றிக்காய்ச்சல் வந்த வருஷம் மனிதருக்குச் சீசன் வந்துவிட்டது. எங்களோடு யோகா படித்த பாத்திரக்கடை அக்கா ஒருநாள், "மாஸ்டர், காய்ச்சலுக்கு மருந்து வந்து இறங்கியிருக்காம்ல?" என்றார். எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்து, அப்புறம்தான் மாத்திரை. போர்மேன் முகம் வெளுத்துவிட்டது. "எம்புட்டு? எல்லாத்தையும் ஒரே ரூம்லயா வச்சிருக்காக?"

மறுநாளே பட்டாசுக் கம்பெனிச் சட்டம் அமலுக்கு வந்தது. ரூமுக்கு நாலு பேர். ஹாலில் ரூம் ஏது? சாக்பீஸால் கோடு போட்டு ஐந்து ரூம் கட்டினார். கோட்டைத் தாண்டிக் கால் நீட்டினால் சுவரை இடித்துவிட்டதாகத் திட்டு விழும்.

இதற்கு நடுவில் எனக்கு இருமல். அச்சாபீசில் பேப்பர் வெட்டும் வேலை; தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, மூச்சுப் பயிற்சி செய்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அங்கே சேர்ந்தேன். அதை யார் நம்புவது? நான் ஒரு இருமல் இருமினால் மற்ற பத்தொன்பது பேரும் மூச்சை அடக்குவார்கள். பிராணாயாமம் அவர்களுக்குத்தான் நன்றாகக் கைவந்தது.

"மாஸ்டர், அந்தப் புள்ளைய வெளிய அனுப்பிருங்க. எங்க வீட்ல சின்னப் புள்ளைக இருக்கு" என்றார் அக்கா.

போர்மேனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறி பட்டா ஒரு ஆளை மட்டுமா வெளிய அனுப்புவாக? எந்தக் கம்பெனியில? எல்லாரும்தான் ஓடணும்."

அன்றிலிருந்து நான் இருமினால் விசில். இருபது பேரும் நாலு வாசல் வழியாக ஓடி, வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி நிற்போம். இருமல் அடங்கியதும் நாலு நாலு பேராக உள்ளே போவோம். ஒருநாள் ஒன்பது தடவை ஓடினோம். ஒரு ஆசனமும் உருப்படியாக முடியவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் அக்காவுக்கு நாலு கிலோ குறைந்தது. அதற்கப்புறம் நான் இருமாவிட்டால்தான் அவருக்கு வருத்தம்.

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஒருநாள் போகவில்லை.

ஆறேகாலுக்கு வீட்டு வாசலில் சைக்கிள் மணி. கழுத்தில் விசிலோடு போர்மேன்.

"தாயி, காய்ச்சலா?"

"இல்ல மாஸ்டர். என்னால எல்லாருக்கும் தொந்தரவு. நான் இனிமே வரல."

"அதை நீங்க முடிவு பண்ண முடியாது. கம்பெனியில ஓடி வந்ததும் தலைய எண்ணுவோம். எண்ணிக்கை சரியா வராம ஒருத்தரும் உள்ள போகக்கூடாது. இப்ப பத்தொம்பதுல நிக்குது. அம்புட்டுப் பேரும் மரத்தடியிலதான் நிக்காக. வாங்க."

முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே நடந்தேன். நான் இல்லாவிட்டால் எண்ணிக்கை குறையும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.