தூசு சேராத வீடு

அம்மா போன பதினான்காம் நாள் அப்பா ஒரு தீர்மானம் செய்தார். இனி எங்கள் வீட்டில் யாரும் பெருக்கக் கூடாது, ஒட்டடை அடிக்கக் கூடாது, வெள்ளையடிக்கக் கூடாது. தர்மாம்பாள் விட்டுப் போனபடியே வீடு இருக்க வேண்டும்.

அப்பா பஞ்சாபகேசன், தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் தலைமை குமாஸ்தா. அவர் எழுதும் பத்திரத்தில் ஓட்டை இருக்காது, தீர்மானத்திலும் இல்லை. விளக்குமாறுகளை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். வாசல் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

காரணம், சமையலறை நிலைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த ஒரு மஞ்சள் கை. அம்மா கடைசியாக எழுந்து நடந்த வெள்ளிக்கிழமை, மஞ்சளை அரைத்துக்கொண்டு குளிக்கப் போனவள், தலை சுற்றிச் சுவரைப் பிடித்தாள். ஐந்து விரலும் பதிந்தன. மோதிரம் இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கோடு. தினமும் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அப்பா அதன்மேல் தம் கையை வைத்து, "போயிட்டு வரேன்" என்பார். அம்மா இருந்தவரை அவர் சொல்லிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை.

"ஏம்ப்பா, தரையைப் பெருக்கினா சுவத்துல இருக்கிற கை எப்படி அழியும்?"

"இன்னிக்குத் தரை. நாளைக்கு ஒட்டடை. மறுநாள் பாண்டியம்மா சுவத்தைத் தேய்ச்சு வச்சுடுவா."

பாண்டியம்மாள் அப்பாவின் ஆபீஸைக் கூட்டுகிறவள். பத்து வருஷமாக எங்கள் கொல்லையையும் கூட்டினாள். கொல்லையை மட்டும்.

"அவளைத்தான் நீங்க உள்ளேயே விட்டதில்லையே. கொல்லையில நிக்கறவ சமையலறைச் சுவத்தை எந்தக் கையால தேய்ப்பா?"

"உன்னைத் தர்க்கம் படிக்க வச்சது என் தப்பு" என்றார் அப்பா.

நான் சென்னைக்கு, கல்லூரி விடுதிக்குத் திரும்பினேன். அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது: 'கை மங்கிக்கொண்டு வருகிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.' ஆவணியில் இன்னொன்று: 'கை தானாகத் துலங்கிவிட்டது. வீட்டில் தூசும் இல்லை, ஒட்டடையும் இல்லை. எல்லாம் உன் அம்மாவின் மகிமை. உன் தர்க்க சாஸ்திரம் இதற்கு என்ன சொல்கிறது?'

வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். ஒரு நாளும் துலங்காது. எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் கடிதத்தின் அடியில், 'இப்போது இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன்' என்று எழுதியிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாதாடவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கினேன். வாசல் பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போனால் கொல்லைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கூடம் கண்ணாடியாக இருந்தது. சமையலறை நிலையருகே பாண்டியம்மாள், கை நிறைய மஞ்சளோடு நின்றாள். மோதிர விரலில் ஒரு வாழைநார்.

"பாப்பாவா? நாளைக்கில்ல வாரதாச் சொன்னாரு சாமி."

"விரல்ல என்னது?"

"அம்மா மோதிரம் போட்டிருந்தாகள்ல. எனக்கு ஏது மோதிரம்?"

"நீ எப்படி உள்ளே வந்தே?"

"அம்மா படுக்கையில கெடந்தப்ப கொல்லைச் சாவியக் குடுத்தாக. 'அவரு கூட்ட விடமாட்டாரு, குப்பைக்குள்ளயே கெடப்பாரு. அவரு ஆபீஸ் போனதும் வந்து கூட்டிரு'ன்னாக. அங்கன கூட்டி முடிச்சு, சாமி நாக்காலியில உக்காந்தாச்சான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு இங்கன வாரேன்."

"கையும் அம்மா சொல்லித்தானா?"

"அது நானாச் செஞ்சது பாப்பா. ஆடியில வெளுத்துப்போச்சு. சாமி ஆபீஸ்ல யாரும் இல்லேன்னு நெனச்சு, கட்டு கட்டாக் கெடந்த காயிதத்துல முகத்த வச்சு அழுதாரு. நான் மேசைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டிருந்தேன். அம்புட்டு அழுகையக் கேட்டுக்கிட்டு எப்பிடிக் கூட்டுறது?"

அவள் கையைச் சுவரில் பதித்தாள். வாசல் பூட்டுத் திறந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடி இல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். பதில் தயாராக இருந்தது. யாரைப் பத்து வருஷம் கொல்லையோடு நிறுத்தினீர்களோ, அவள் கையைத்தான் தினமும் தொட்டுக்கொண்டு போனீர்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது.

அப்பா கத்தவில்லை. சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவ கை எங்கே?"

"அதுக்கு மேலதான் சாமி வச்சிருக்கேன். அடியில இருக்கு."

அப்பா முகத்தைச் சுவருக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். எப்போதும்போலத் தம் கையை அதன்மேல் வைத்தார். மஞ்சள் ஈரமாக இருந்தது; ஒட்டிக்கொண்டது. நான் சொல்ல வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன்.

பிறகு பூணூலில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு லேசில் வரவில்லை. வாசல் சாவியை எடுத்து நீட்டினார்.

"இனிமே வாசல் வழியா வா."

பாண்டியம்மாள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"இதையும் குடுப்பீகன்னு அம்மா சொன்னாக சாமி. ஆறு மாசம் ஆகும்னாக. நீங்க எட்டாக்கிட்டீக."